பள்ளி மணிக்கும் ஆலைச் சங்குக்கும் நடுவே

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் படித்த நாங்கள் லாரியைவிடச் சைக்கிளுக்குத்தான் அதிகம் பயந்தோம். சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை என்று முழுப்பெயர் சொன்னால் ஊரில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது, அன்றும் சி.டி.எச். ரோடு, இன்றும் சி.டி.எச். ரோடு. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் தொழிற்பேட்டை, பாடிப் பக்கம் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, இடையில் டன்லப் என்று ஏரியும் வயலுமாகக் கிடந்த பகுதி ஆலைகளின் ஊராகிவிட்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சைக்கிள்தான் வாகனம். ஷிஃப்ட் விட்டதும் கேட்டிலிருந்து புறப்படும் கூட்டம் சாலையின் இரு ஓரத்தையும் அடைத்துக்கொண்டு வரும். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆடும், பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மிதிக்கிற மிதியில் பெல் அடிக்கக் கை ஒழியாது.

எங்கள் பள்ளி நாலரைக்கு விடும். பக்கத்து ஆலையின் சங்கும் நாலரைக்குத்தான் ஊதும்.

ஒருநாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சைக்கிள் இடித்து நடுரோட்டில் விழுந்தாள். எதிரே வந்த லாரி பிரேக் போட்டுச் சரிந்து நின்றதால் உயிர் தப்பினாள், கால் முறிந்தது. மறுநாள் தலைமை ஆசிரியர் பி.டி. சாரையும் அழைத்துக்கொண்டு ஆலையின் டைம் ஆபீசுக்குப் போனார். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். பேசி முடித்தது இவ்வளவுதான்: பள்ளி நாலு இருபதுக்கே விட்டுவிடும், பிள்ளைகள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை ஆலையின் பெரிய கேட் திறக்காது, கேட் வாட்ச்மேன் வெளியே வந்து எங்களோடு நிற்பார்.

'எங்களோடு' என்றால் ஆர்.எஸ்.பி. மாணவர்களோடு. சாலைப் பாதுகாப்புப் படை என்பது அதன் பெயர். எனக்கு விசிலும் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வந்து கை சைகை சொல்லித் தருவார். "கையைத் தொங்கவிடாதடா, முழங்கை மடங்கினா டிரைவருக்கு உன் பயம் தெரிஞ்சிடும்" என்பார். எதிர்ப்புறத்து டீக்கடையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு இருக்கும். தண்ணீர் சேந்தும் கயிறு தடிமன். ஓட்டுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று முழத்துக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி முடிந்திருப்போம். எங்கள் அம்மாக்களின் பழைய ரவிக்கைத் துணி அது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சாலைக்குக் குறுக்கே நிற்க, சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகக் கடப்பார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று, தெரிந்த லாரிக்காரர்களைப் பெயர் சொல்லி அதட்டுவார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளியில் இருந்தவரை அந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கும் அடிபடவில்லை. பள்ளி, ஆலை, சங்கம், காவலர், டீக்கடை என்று ஐந்து தரப்பும் சேர்ந்து செய்த காரியம். யாரும் அதை ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. நாங்கள் கல்லூரிக்குப் போன பிறகு தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றார். ஆலையில் ஷிஃப்ட் நேரம் மாறியது. காவலர் வேறு ஸ்டேஷனுக்குப் போனார். புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததே தெரியாது. பள்ளி மறுபடியும் நாலரைக்கே விட்டது.

உள்ளூர்க்காரர்கள் கைகோத்துச் சாலையைக் காத்தால் அதை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. பொன்னாடை போர்த்தியிருந்தால் தலைமை ஆசிரியர் கூச்சப்பட்டிருப்பார். நகராட்சிப் பதிவேட்டில் நாலு வரி ஏறியிருந்தால் அந்த ஏற்பாடு அவருக்குப் பிறகும் பிழைத்திருக்கும்.

பிரிட்டனில் 1953-இல் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுபவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வட்டப் பலகையை அவர் தூக்கிப் பிடித்தால் வண்டி நின்றாக வேண்டும், நிற்காதது குற்றம். பலகை பிடிப்பவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் பாட்டியாகக்கூட இருப்பார். பாட்டி மாறினாலும் பலகைக்கு இருக்கும் வலு மாறாது. நம் ஆர்.எஸ்.பி. பையனின் விசிலுக்கு அந்த வலு கிடைக்கவே இல்லை. டிரைவர் மனம் வைத்து நின்றால் உண்டு.

விதியாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. இன்றைக்கு மே மாதம் வந்தால் பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் பள்ளி வேன்களையும் பேருந்துகளையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, தளப்பலகை, அவசர வழி, முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆர்.டி.ஓ. மாறினாலும் கலெக்டர் மாறினாலும் அது நடக்கிறது. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகுதான் அந்த விதி வந்தது என்பது வேறு விஷயம். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். 1985 வாக்கில் ஒரு மழை இரவு மண்ணூர்பேட்டைப் பக்கம் லாரி இடித்துக் கிடந்த ஒருவரைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு நகரத்திலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். "யாருய்யா நீ, எங்க இடிச்ச?" என்பதுதான் அங்கே அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. விடியும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு ஸ்டேஷன். வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். வாடகை வண்டி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலாளிக்கு அன்றாடம் பணம் கட்டியாக வேண்டும். வண்டி திரும்பி வந்த அன்று அண்ணி தெருக்குழாயடியில் சீட்டைத் தேய்த்துக் கழுவினார். ரெக்ஸின் தையலுக்குள் போன ரத்தம் போகவில்லை. "இனிமே கண்ணை மூடிட்டு வந்துடு" என்று அழுதார். "மூட முடிஞ்சா மூடிக்கிறேன்" என்றார் அண்ணன். அதன் பிறகும் அந்த வழக்குக்குச் சாட்சிச் சம்மன் வந்துகொண்டே இருந்தது. கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் வருமானம் கிடையாது.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ரோடுகளில் அடிபட்டுக் கிடந்தவர்களைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருவர் தொடமாட்டார். கல்நெஞ்சக்காரர்கள் என்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். அந்த நூறு பேரும் அண்ணனைப் போன்ற ஒருவரின் கதையைக் கேட்டிருந்தவர்கள்.

மாற்றம் மெதுவாக வந்தது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்ப, தொலைவிலிருந்த இன்னொன்றுக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். அதன் பேரில் வந்த பரமானந்த் கடாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், முதலில் உயிர், போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகு என்று தீர்ப்புச் சொன்னது. டாக்டருக்கு வழி பிறந்தது. தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அப்போதும் பிறக்கவில்லை. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் தொடர்ந்த வழக்கில் 2016 மார்ச்சில்தான் அவருக்கும் காப்பு கிடைத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது ஏறியது. உதவியவர் பெயர் சொல்ல வேண்டாம், சாட்சியாக இருக்கக் கட்டாயமில்லை, அவர் மேல் வழக்குப் போட முடியாது. 2021-இல் மத்திய அரசு ஐயாயிரம் ரூபாய் வெகுமதி அறிவித்தது. 2025-இல் அது இருபத்தைந்தாயிரம் ஆகியிருக்கிறது.

இங்கே 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. சாலையில் உயிர் பிழைப்பதற்கு இதைவிடப் பெரிய காரியத்தை என் வாழ்நாளில் எந்த அரசும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த அண்ணனின் மகன் இப்போது அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். தன்னார்வலர்கள் வந்து ஸ்டாண்டு முழுவதற்கும் முதலுதவி சொல்லிக் கொடுத்தார்களாம். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்: மடித்த கெட்டி அட்டை, கிழித்து வைத்த வேட்டித் துணி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. "ஹெல்மெட்டை அவசரப்பட்டு உருவக் கூடாது சார். கழுத்து அசையக் கூடாது. 108 அஞ்சு நிமிஷத்துல வர்ற மாதிரி இருந்தா நாம தூக்கவே கூடாது, ரத்தம் வர்ற இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டிராபிக்கை ஒதுக்கினா போதும்." அப்பா அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார், மகனுக்கு எப்போது தூக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்கிறது. உங்கள் ஸ்டாண்டுக்கு ஏதாவது விருது வந்ததா என்று கேட்டேன். "எதுக்கு சார்? வண்டியைப் புடுங்காம இருக்காங்களே" என்றார்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. சென்னையில் 2005 முதல் இயங்கும் 'அலெர்ட்' என்ற தன்னார்வ அமைப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறது. வழியில் கண்டவரைக் காப்பாற்றியவர்களைத் தேடிப்பிடித்து 'அலெர்ட் பீயிங்' என்று விருதும் தருகிறது. சிக்னலில் தட்டி பிடித்து நிற்கும் 'தோழன்' இளைஞர்களையும் பலர் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கெல்லாம் நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அரசின் வெகுமதி அந்த ஒரு நாள் தூக்கிய ஒருவருக்குத்தான் போகிறது. விபத்தே நடக்காமல் பார்த்துக்கொண்ட ஸ்டாண்டுக்கும் தெருவுக்கும் பள்ளிக்கும் கொடுக்க அதில் ஒரு கட்டம் இல்லை. நடக்காத விபத்தை யார் கணக்கில் எழுதுவது?

2016-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் இறந்தார்கள். 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்தது. நாடே தமிழ்நாட்டைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். பொதுமுடக்கமெல்லாம் முடிந்து 2022-இல் பார்த்தால் 17,884. பழைய இடத்தையும் தாண்டிவிட்டோம். அந்த மூன்றாண்டு இறக்கத்தில் ஊர் ஊராக என்னென்ன கைகூடியது, யார் யார் சேர்ந்து செய்தார்கள், எது பலன் தந்தது என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் எழுதி வைத்திருந்தால், நழுவியபோது எங்கே நழுவுகிறது என்றாவது தெரிந்திருக்கும். நாலு இருபது மணியை விட்டதும் இப்படித்தான்.

நான் இப்போது குடியிருப்பது திருமுல்லைவாயிலில். எங்கள் நலச் சங்கத்துச் செயலாளர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு முந்தைய வாரம் தெருவில் வசூல் செய்து, வேகத்தடைகளுக்கு அவரே வெள்ளையடிக்கிறார். மழையில் பெயிண்ட் கரைந்து, கறுப்புத் தாரோடு கறுப்பாகக் கிடக்கும் வேகத்தடையில் இரவில் வரும் பைக் பறந்துவிடும்; பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் பெண்கள்தான் முதலில் விழுவார்கள். அவர் கையில் ஸ்டீல் டேப் வைத்திருக்கிறார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும்; 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் முதுகு அதிரக் கூடாது. எங்கள் தெரு முனையில் இருந்தது முழங்கை நீளம்கூட அகலமில்லை, சுவர் எழுப்பினதுபோல நின்றது. அளந்து, படம் வரைந்து, மாநகராட்சிக்கு எடுத்துப் போனார். இரண்டு வருடம் கழித்து உடைத்துச் சரியாகக் கட்டிக் கொடுத்தார்கள். வந்த இளம் பொறியாளர் அவருடைய படத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இங்கே இப்படி ஓர் ஆள் ஏன் தேவைப்படுகிறார் என்றால், சாலை ஒன்று, கதவு பல. சி.டி.எச். ரோடு தேசிய நெடுஞ்சாலை. 205 என்றிருந்தது, இப்போது 716. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்துக்கே போய்விட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது, மாவட்டம் திருவள்ளூர்தான். 2022 ஜனவரி முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் காவல் ஆவடி ஆணையரகம். பக்கத்திலேயே ஓடும் தண்டவாளமும் அதன் கேட்டுகளும் தெற்கு ரயில்வே. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பிய காலத்தில் அந்தத் தடுப்புகளுக்கு இன்னொரு நிர்வாகம். ஒரு குழியைக் காட்டினால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. எல்லை அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. இந்த எல்லைகள் எல்லாவற்றையும் தினமும் கடப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆவது பிரிவிலேயே இடமிருக்கிறது; கலெக்டர் தலைமையில் கூடுகிறது. ஸ்டீல் டேப்போடு அலையும் எங்கள் செயலாளருக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் இடத்தில் யார் என்பதும் அங்கேயே முடிவாக வேண்டும்.

கேமரா விஷயத்தில் இது நடந்திருக்கிறது. 2017 முதல் 2020 வரை சென்னைக் காவல் ஆணையராக இருந்த ஏ.கே. விசுவநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்தார்கள். அம்பத்தூரும் அப்போது சென்னைக் காவலில்தான் இருந்தது. வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், குடியிருப்புச் சங்கங்கள் காசு போட்டன. காவல்துறை இடம் சொன்னது. பங்களித்தவர்களை மேடையில் ஏற்றி நன்றி சொன்னார்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டிகளைப் பிடிக்க அந்தக் கேமராக்கள் உதவின. இன்று ரோட்டோரத்து இரும்புத் தடுப்புகளில் நகைக்கடை, துணிக்கடைப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பணம் கொடுத்தவருக்கு அந்த மரியாதை நியாயமே. அதே தடுப்பை மழையில் நகர்த்திப் போட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிடும் பூக்காரம்மாவின் பெயரும் எங்காவது ஏற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்தத் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குச் செயலாளரோடு நானும் போகிறேன். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் வாசலில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரைக்கும், மாலை மூன்றரை முதல் ஐந்து வரைக்கும் லாரிகள் வரக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறோம். தலைமை ஆசிரியை, ஆட்டோ ஸ்டாண்டு, எட்டுக் கடைக்காரர்கள், அந்த வழியாகச் சரக்கு எடுக்கும் இரண்டு கம்பெனிகளின் மேலாளர்கள் ஆகியோர் பேசி, ஏற்கெனவே இந்த நேரத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் லாரிகள் இப்போதே ஒதுங்கி நிற்கின்றன. நாங்கள் கேட்பது, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுத வேண்டும், வாசலில் நேரம் குறித்த பலகை வைக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும் அழைத்து, நடக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர்களுடைய பெயர், கடை, ஸ்டாண்டு எல்லாம் மனுவின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறோம்.